ஹார்லிக்ஸ் பாட்டிலில் காலில்லாத அரணை: சேலையூர் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழேகாலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பதினொரு நொடிதான். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில், பழுத்த மிளகாய் நிறத்தில் ஏதோ ஒன்று வளைந்து வளைந்து துடிக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கால் இல்லை. கண், வாய் எதுவும் தெரியவில்லை. பின்னால் ஒரு பெண்குரல், "மூடிய நல்லா திருகுடா, திருகுடா" என்கிறது. கீழே ஒரு வரி: "சார், சமையல்கட்டுல பாம்புக் குட்டி. என்ன பாம்பு சார்?"

அனுப்பியவன் இரண்டு வருடம் முன்பு என்னிடம் படித்த பையன். இப்போது பிளஸ் ஒன். நான் பாம்பு பிடிப்பவன் இல்லை. கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் வாத்தியார், அவ்வளவுதான். ஆனால் மழைக்காலம் வந்தால் பழைய மாணவர்கள், அவர்களுடைய அத்தை, அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன்: நாள், இடம், என்னவென்று நினைத்தார்கள், கடைசியில் என்னவாக இருந்தது. சாதாரணமாக ஒரு வரியில் முடிகிற விஷயம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நான்கு பக்கம் ஆகிவிட்டது. காரணம், இதில் முதல் தப்பு என்னுடையது.

மூன்று பெயர்கள்

படுக்கையில் இருந்தபடியே பதில் போட்டேன்: "புழுப்பாம்பு. விஷமில்லை. தொட்டிச் செடி மண்ணில் விட்டுவிடு."

சென்னையில் மழைக்குப் பிறகு, வீட்டுக்குள் காலில்லாத குட்டிப் பிராணி என்றால் கை தானாக இதைத்தான் தட்டச்சு செய்யும். மண்புழு என்று நினைத்து மிதித்தவர்கள் எத்தனையோ பேர். பளபளக்கும் கருப்பழுப்பு உடம்பு, செதிலுக்கு அடியில் இரண்டு புள்ளியாகக் கண், எறும்பு, கரையான்களின் முட்டையும் புழுவும்தான் சாப்பாடு. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணையில்லாமலே முட்டை கருவாகிவிடும். அதனால்தான் ஒரு பூந்தொட்டி மண்ணுக்குள் ஒன்றே ஒன்று ஒளிந்து கப்பலேறினாலும் போய் இறங்கிய ஊரில் ஒரு கூட்டத்தையே உண்டாக்கிவிடுகிறது. உலகம் முழுக்கப் பரவிய பாம்பு இது.

சரி, அது கருப்பழுப்பு. வீடியோவில் இருந்ததோ சிவப்பு. அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "செல்போன் கேமராவின் வேலை" என்று தள்ளினேன். பொருந்தாத ஒரே சாட்சியைக் கேமரா மேல் பழி போட்டு வெளியே அனுப்பியாயிற்று.

பையனின் அம்மாவுக்கு அதற்குள் வேறொரு பெயர் முடிவாகியிருந்தது: கட்டுவிரியன் குட்டி. நம் ஊர் வீடுகளில் பாம்பு வகைப்பாடு எளிமையானது. பெரிதாக இருந்தால் நல்ல பாம்பு, சிறிதாக இருந்தால் விரியன் குட்டி. இதில் அடிபட்டுச் சாகும் அப்பாவிகளின் பட்டியலில் தண்ணீர்ப் பாம்பும் அரணையும் முன்வரிசையில் நிற்கும்.

மூன்றாவது பெயர் பையனுடையது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சார், புழுப்பாம்பு இவ்வளவு சிவப்பா இருக்குமா? நெட்ல பார்த்தேன். மெட்ராஸ் புள்ளி அரணைன்னு ஒண்ணு இருக்கு, காலே கிடையாதாம். பார்குடியா. ரொம்ப அபூர்வமாம். அதுவா சார்?"

எழுந்து உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரியென்றால், சேலையூரில் ஒரு சமையலறைக்குள் பெரிய சேதி இருக்கிறது. தப்பென்றாலும் அவன் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறான், நிறத்தை விடவில்லை. வண்டியை எடுத்தேன்.

பாட்டியின் சாட்சி

இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்ட தெருவில் மிச்சமிருக்கும் ஒரு பழைய தனிவீடு. பின்பக்கம் கிணறு, முருங்கை, துவைக்கிற கல், எப்போதோ சுற்றுச்சுவர் கட்டி மீந்த செங்கல் குவியல். சமையலறையின் பின்கதவுக்கும் குவியலுக்கும் நான்கு எட்டு இருக்கும். மழைத்தண்ணீர் குவியலின் அடிவரிசை வரை ஏறி வடிந்திருந்த அடையாளம் சுவரில் ஈரக்கோடாகத் தெரிந்தது. அதாவது, அடியில் குடியிருந்தவர்கள் எல்லாரும் இரவோடிரவாக மேடு தேடியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த மேடு, சமையலறை.

"செத்துப்போச்சு சார். கொஞ்ச நேரம் ஆடிட்டு அப்படியே நின்னுடுச்சு" என்று அம்மா பாட்டிலைக் கொடுத்தார். கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து வந்ததாம். துடைப்பக்கட்டையால் ஒரே அடி.

வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், நாகர்கோவில்காரர். காபி டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் நான் கேட்காமலே சொன்னார்: "சாரே, நான் முதல்ல பாக்கும்போ இம்புட்டு நீளம் இருந்துது. இவ அடிச்ச பிறவு சின்னதாப் போச்சு. யாருட்ட சொன்னாலும் கேக்க மாட்டேங்கா." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஒரு சாண் காட்டினார்.

"பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார்" என்றான் பையன். எனக்கோ அந்த இடத்திலேயே பாதி விளங்கிவிட்டது. அடித்தால் பிராணி சாகும், ஓடும். சின்னதாகாது. அடித்தவுடன் ஒன்று சின்னதானால், மீதி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

செய்தித்தாள் ஓரத்தில் அதைக் கொட்டி, ஸ்கேல் வைத்தேன். நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனை ஊசியாகக் கூர்ந்திருந்தது, மறுமுனை மொட்டை. மொட்டை முனையைத் தலை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தோம். லென்ஸை வைத்துப் பார்த்தால் அங்கே வாயும் இல்லை, கண்ணும் இல்லை. இளஞ்சிவப்புத் தசைகள் கூம்பு கூம்பாக, மல்லிகை மொட்டு அவிழ்கிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் கடுகளவு வெள்ளையாக எலும்பு. ரத்தம் என்று சொல்ல ஒரு துளிகூட இல்லை.

அபூர்வமான காலில்லா அரணை என்று பாட்டிலுக்குள் வந்தது, ஓர் அரணையின் வால்.

வால் ஏன் துடித்தது

வாலை உதறும் பல்லி வகைகளில், வால் எலும்புக்குள்ளேயே உடைய வேண்டிய இடம் முன்கூட்டிக் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் அன்று. ஒரே முள்ளெலும்பின் குறுக்கே மெல்லிய விரிசல் கோடாக. சாக்லேட் கட்டியில் உடைக்கக் கோடு போட்டிருப்பார்களே, அது மாதிரி. ஆபத்து வந்தால் அந்த இடத்துத் தசைகளைப் பிராணியே சுருக்குகிறது, எலும்பு கோட்டில் பிளக்கிறது, ரத்தக்குழாய்கள் உடனே இறுகிக்கொள்கின்றன. அதனால்தான் காயம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. துடைப்பம் வாலை அறுக்கவில்லை. துடைப்பம் பயமுறுத்தியது, அறுத்தது அரணை.

அறுந்த வால் துடிப்பதற்கு மூளை வேண்டாம். வாலுக்குள் ஓடும் தண்டுவடத் துண்டிலேயே அந்த ஆட்டத்துக்கான நரம்புச் சுற்று இருக்கிறது. சில நிமிடம் ஆடும். பூனையோ மைனாவோ ஆடுகிறதைக் கொத்தப் போகும், ஆடாதது தப்பிக்கும். இங்கே பூனைக்குப் பதில் ஒரு குடும்பமே ஆடுகிறதைப் பிடித்து, பாட்டிலில் போட்டு, மூடி திருகி, வீடியோவும் எடுத்து எனக்கு அனுப்பியது. நானும் அதற்குப் பெயர் வைத்தேன். ஒரு வால் இதைவிட வெற்றிகரமாக வேலை செய்துவிட முடியாது.

செங்கல் குவியல்

பையன் செங்கலை ஒவ்வொன்றாக எடுக்க, நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பூரான், நாலைந்து மரவட்டை. நான்காவதில் ஆள் இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஓடிய விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பாம்பென்றுதான் தோன்றும். கால்களை உடம்போடு ஒட்ட மடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக நெளிந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. வெளிச்சம் தெரிகிற ஸ்வீட் டப்பாவை மேலே கவிழ்த்தான்.

பழுப்பு உடம்பு, முதுகில் மங்கிய மஞ்சள் கோடுகள், செதில்களில் வரிசையாகக் கரும்புள்ளிகள். பின்புறம் சட்டென்று முடிந்த ஒரு முளை, அதில் கொஞ்சம் சிவப்பு. செய்தித்தாள் மேல் கிடந்த துண்டின் அதே சிவப்பு. புள்ளி அரணைக் குட்டி. ரியோபா பங்க்டாட்டா என்பது அறிவியல் பெயர். உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே பெயரிட்ட பிராணி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்ட மண், இலைச்சருகு, கல்லடி என்று சாதாரணமாக இருப்பது. குட்டியில் வால் நல்ல சிவப்பு. வளர வளர நிறம் இறங்கிவிடும்.

"கால் எங்க சார்?" என்றான்.

டப்பாவைத் திருப்பி அடியிலிருந்து காட்டினேன். முன்கால் ஒரு சேமியாத் துண்டு தடிமன் இருக்கும். அதன் நுனியில் ஐந்து விரல், ஒவ்வொன்றிலும் நகம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உடம்பு நீண்டுகொண்டே போகிறது, நடுவில் இன்னொரு ஜோடி இருக்க வேண்டிய அளவுக்கு. மெதுவாக நடக்கும்போது நான்கையும் ஊன்றுகிறது. அவசரமென்றால் மடித்துவிடுகிறது. நின்ற இடத்தில் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. கீழிமை மேலே ஏறி இறங்கியதை அவன் பார்த்துவிட்டு, "கண்ணடிக்குது சார்" என்றான். கன்னத்துக்குப் பின்னால் குண்டூசி முனை அளவு காதுத் துளை. இந்த இரண்டையும் பார்த்த பிறகு கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பாம்பாக முடியாது.

பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அரணைதாம். அரணை கடிச்சா மரணம்னு சொல்லுவாவ" என்றார். அம்மா இரண்டடி பின்னால் போனார். "ஆனா அது கடிக்க வரும்போ பாதி வழியில எதுக்கு வந்தோம்னு மறந்துரும். அதனாலதான் நாமெல்லாம் உயிரோட இருக்கோம்" என்று முடித்தார். அரணை எதற்கும் விஷம் கிடையாது. எதுகைக்காக வந்த பழமொழி அரணையின் தலையில் விடிந்திருக்கிறது. அந்த மறதிக் கதையை மட்டும் நான் திருத்தவில்லை. அதனால் அரணைக்கு நல்லதுதான்.

ஏன் பார்குடியா இல்லை

பையனின் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. அவனுடைய ஊகம் முட்டாள்தனமானது அல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. பார்குடியா உண்மையான பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு), உண்மையாகவே காலில்லாதது, பெயரில் மெட்ராஸும் இருக்கிறது.

அதன் கதை ஒடிசாவின் சிலிகா ஏரியில் தொடங்குகிறது. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல் அமைந்தபோது அதன் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல், ஏரிக்குள் இருக்கும் பர்குடா என்ற சிறு தீவில் ஆலமரத்து வேரடியின் பொலபொலப்பான மண்ணில் புழுப்போல ஒரு பிராணியைக் கண்டார். முன்காலும் இல்லை, பின்காலும் இல்லை. ஆனால் அரணை. 1917-இல் அதற்குத் தனிப் பேரினமே உருவாக்கி, தீவின் பெயரைக் கொண்டே பார்குடியா என்றும், தீவில் வாழ்வது என்ற பொருளில் இன்சுலாரிஸ் என்றும் பெயரிட்டார். பிற்பாடு 1950-களில் விசாகப்பட்டினத்தின் வால்டேர்ப் பக்கமும் பார்குடியா கிடைத்து, அதன் உடற்கூற்றை அங்கேயே ஆராய்ந்து எழுதினார்கள். இதே பேரினத்தின் இன்னொரு இனம் மெலனோஸ்டிக்டா. பையன் கண்டுபிடித்த 'மெட்ராஸ் புள்ளி அரணை' அதுதான். அதற்கும் இடம் விசாகப்பட்டினக் கடற்கரைப் பகுதி.

பிறகு மெட்ராஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அன்றைய மதராஸ் மாகாணம் என்பது இன்றைய சென்னை இல்லையே. விசாகப்பட்டினமும் அதில்தான், பர்குடா தீவு இருக்கும் கஞ்சம் மாவட்டமும் 1936-இல் ஒரிசா தனி மாகாணமாகும் வரை அதில்தான். பழைய நூல்களில் ஒரு பிராணிக்கு மெட்ராஸ் என்று ஊர் போட்டிருந்தால், அது மயிலாப்பூராகவும் இருக்கலாம், எண்ணூறு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

பார்குடியாவை நேரில் காண்பது ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு அதன் வாழ்க்கையே காரணம். அது மண்ணுக்குள் வாழ்கிறது. மண்ணிலுள்ள பூச்சிகளையும் புழுக்களையும் தின்கிறது. வெளியே தலைகாட்ட வேண்டிய அவசியமே வருவதில்லை. கண் சிறுத்திருக்கிறது, செதில்கள் மண் ஒட்டாத வழுவழுப்பு. அதைத் தேடுகிறவர் மரத்தடியில் மண்வெட்டியோடு உட்கார வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் இதன் இன்னொரு உறவுக்காரர் உண்டு, செப்சோபிஸ். பெடோம் என்ற படை அதிகாரி 1870-இல் விவரித்தார். கால்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான் அதற்கு. அப்புறம் நூறு ஆண்டுக்கும் மேல் அதை யாரும் பார்க்கவில்லை. சமீப காலத்தில்தான் மறுபடி கண்ணில் பட்டது.

நம் வாலை இவற்றோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயம் உடனே இடிக்கிறது. மண்ணுக்குள் இருட்டில் வாழ்கிறவனுக்குச் சிவப்பு வால் எதற்கு? சிவப்பு என்பது வெளிச்சத்தில் யாரோ பார்க்க வேண்டும் என்பதற்கான விளம்பரம். இரண்டாவது, சமையலறைத் தரையில் சிலிண்டருக்குப் பின்னால் ஓடியது மண்ணுக்குள் நீந்துகிறவனின் பழக்கம் இல்லை. இது நானே ஏழேகால் மணிக்கு யோசித்திருக்க வேண்டியது.

கால் போகும் வழி

டப்பாவைப் பார்த்தபடி பையன் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்பை எழுதவைத்தது. "சார், இதுக்கு இன்னும் கொஞ்ச வருஷத்துல கால் போயிடுமா?"

இந்த ஆளுக்குப் போகாது. இதன் வம்சத்துக்கு என்ன ஆகும் என்று யாரும் சோதிடம் சொல்ல முடியாது. ஆனால் அவன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. உடம்பு நீண்டு கால் சுருங்குவது பல்லி-பாம்புக் குலத்தில் ஒரே ஒரு முறை நடந்த விபத்து அன்று. குறைந்தது 25 முறை தனித்தனியாக நடந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பாம்புகள் அவற்றில் ஒரு கிளை மட்டுமே. அரணைக் குடும்பம்தான் இதில் பெரிய குற்றவாளி. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கே பார்த்தாலும் கால் குறைந்த அரணை ஒன்று மண்ணுக்குள் இருக்கும்.

கால் குறைவதன் ஒவ்வொரு படியும் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தூரம் போக வேண்டாம், இலங்கைக்குப் போனால் போதும். அங்கு மட்டுமே வாழும் நெஸ்ஸியா என்ற அரணைப் பேரினத்தில் காலுக்கு மூன்று விரல் உள்ள இனம் உண்டு, இரண்டு விரல் உள்ளது உண்டு, விரலே பிரியாத குச்சிக்கால் உண்டு, நான்கு காலுமே இல்லாததும் உண்டு. ஒரே குடும்பப் புகைப்படத்தில் நான்கு தலைமுறை நிற்கிற மாதிரி. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வரிசையாக வந்ததாக நினைத்துவிடக் கூடாது. இவை எல்லாம் இன்று வாழ்கிற பங்காளிகள்.

ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா இன்னும் பெரிய குடும்பம், தொண்ணூறு இனத்துக்கு மேல். ஐந்து விரல் உள்ளதிலிருந்து ஒன்றுமே இல்லாதது வரை எல்லாப் படியும் அதில் இருக்கிறது. மரபணுக்களை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பேரினத்துக்குள்ளேயே விரல்களும் கால்களும் பலமுறை தனித்தனியாகக் குறைந்திருக்கின்றன என்றும், ஐந்து விரல் நிலையிலிருந்து காலே இல்லாத நிலைக்குச் சுமார் 36 லட்சம் ஆண்டுகளிலேயே வந்துவிட முடிந்திருக்கிறது என்றும் காட்டியது. நமக்கு அது நீண்ட காலம். பரிணாமக் கணக்கில் அவசர வேலை.

காலை யார் எடுக்கிறார்கள்? கரு வளரும்போது கால்மொட்டில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பது விரல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஹெமியெர்ஜிஸ் என்ற ஆஸ்திரேலிய அரணைகளில் விரல் குறைந்த இனங்களில் அது சீக்கிரமே அடங்கிவிடுகிறது. பாம்புகளில் அந்த மரபணுவை எழுப்பும் ஸ்விட்ச் போன்ற டிஎன்ஏ பகுதியே சிதைந்திருக்கிறது. 2016-இல் அந்தப் பாம்பு ஸ்விட்ச்சை எலிக்கருவில் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எலிக்குட்டிக்குக் கால்கள் குட்டையாக முளையோடு நின்றுவிட்டன. மரபணு அப்படியே இருக்கிறது, விரல் வேண்டும் என்ற உத்தரவுதான் சரியாகப் போய்ச் சேரவில்லை. இதை வைத்துக்கொண்டு எல்லாக் காலில்லாப் பல்லிகளும் பாம்பு போன வழியில்தான் போயின என்று முடிவு கட்டுவது தப்பு.

கால் சுருங்கும்போது உடம்பு நீள்கிறது. சாதாரண நான்குகால் அரணைக்கு இடுப்புக்கு முன்னால் 26 அளவில் முள்ளெலும்பு இருப்பது வழக்கம். முழுக்கக் காலில்லாத சிலவற்றில் அது இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. மண்ணிலோ அடர்ந்த புல்லிலோ உடம்பை அலைபோல வளைத்துப் பக்கத்தில் கிடைப்பதைத் தள்ளி முன்னேறுகிறவனுக்குக் கால் ஒரு தொந்தரவு. முருங்கைக் கிளையைச் சாக்குக்குள் திணிப்பதற்கும் முருங்கைக்காயைத் திணிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நம் புள்ளி அரணை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திறந்த தரையில் கால் உதவுகிறது. செங்கல் இடுக்கில் மடித்து வைத்தால் போதும்.

காலில்லாதவற்றிலும் இரண்டு சாதி உண்டு. புல்வெளியில் மேலோடு வாழ்பவற்றுக்கு வால் மிக நீளம். கிழக்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் உள்ள சூடோபஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், அதில் பெரும்பகுதி வால்தான். பின்காலின் மிச்சம் அரிசிமணியைவிடச் சிறிய முளையாக மலத்துளைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் குடைபவற்றுக்கு உடம்பு நீளம், வால் குட்டை. பார்குடியா இந்த இரண்டாம் வகை.

இதனால்தான் பாம்பா பல்லியா என்பதற்கு ஒரே அடையாளத்தை நம்பினால் மாட்டிக்கொள்வோம். இமை இருந்தால் பல்லி என்பார்கள். இருந்தால் பல்லிதான், ஆனால் இல்லாவிட்டால் பாம்பென்று சொல்ல முடியாது. நம் தமிழ்நாட்டுப் பொட்டல்களில் ஓடும் ஓபிசாப்ஸ் என்ற நான்குகால் பல்லிக்குப் பாம்புபோல மூடாத கண்ணாடிக் கண். வயிற்றில் அகலமான ஒற்றை வரிசைச் செதில் இருந்தால் பாம்பு என்பார்கள். நான் முதலில் பெயர் சொன்ன புழுப்பாம்புக்கே அது கிடையாது, சுற்றிலும் ஒரே அளவுச் செதில். வாலை உதறினால் பல்லி என்பது ஓரளவு நல்ல அடையாளம். காலில்லை என்பதுதான் இருப்பதிலேயே பலவீனமானது. மண்ணுளிப் பாம்பைத் திருப்பிப் பார்த்தால் மலத்துளையின் இரு பக்கமும் நகம்போல முள் தெரியும்; அது அதன் முன்னோர்களின் பின்கால். இருதலைப் பாம்பு என்று சொல்லி ஊரை ஏமாற்றி விற்கிறார்களே, அந்தப் பாவப்பட்ட பிராணிதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அடையாளம் தெரியாத எதையும் அடிக்கவும் வேண்டாம், கையால் பிடிக்கவும் வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள், கடித்துவிட்டால் மட்டும் எதுவென்று ஆராயாமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்றேன். "அப்ப அடிச்சது தப்பா சார்?" என்று கேட்டார். படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னது அதைவிடத் தப்பு என்றேன்.

வாலின் விலை

அரணையைச் செங்கல் குவியலிலேயே விட்டோம். அதற்கு வால் விளையாட்டுப் பொருள் இல்லை. கொழுப்பைச் சேர்த்து வைப்பது அதில்தான். வளர வேண்டிய வயதில் உடம்பில் ஒரு பெரிய பங்கைக் கொடுத்துவிட்டு, இனி வரும் சாப்பாட்டை வளர்ச்சிக்கும் புது வாலுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். முளைத்து வருவதும் பழைய வால் அல்ல. உள்ளே முள்ளெலும்புகள் திரும்ப வருவதில்லை. அவற்றுக்குப் பதில் ஒரே குருத்தெலும்புக் குழாய். அதில் உடையும் கோடும் இருக்காது. அடுத்த முறை உதற வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் பழைய பகுதியில்தான் முடியும். ஐரோப்பாவின் ஆங்குவிஸ் என்ற காலில்லாப் பல்லியின் நிலைமை இன்னும் மோசம்: உடைந்த வால் சிறு மொட்டையாகவே நின்றுபோகும். ஆனால் அதற்கு ஆயுள் கெட்டி. கோபன்ஹேகன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒன்று 54 வருடம் இருந்ததாகப் பதிவு உண்டு.

பாட்டிலில் இருந்த துண்டை ஸ்பிரிட்டில் போட்டுப் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். சிவப்பு போய் வெளிறிவிட்டது. லேபிளில் முதலில் நான் சொன்ன பெயர், பையன் சொன்ன பெயர், அம்மா சொன்ன பெயர் மூன்றையும் எழுதி அடித்துவிட்டு நான்காவதை எழுதினேன். பிளஸ் டூ பிள்ளைகளிடம் கொடுத்து என்னவென்று கேட்டால் இதுவரை வந்த பதில்களில் மண்புழு முதலிடம்.

பொங்கல் கழிந்து பையன் ஒரு படம் அனுப்பினான். துவைக்கிற கல்லுக்கு அடியில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு புள்ளி அரணை. வால் இருக்க வேண்டிய இடத்தில் நெல்மணி நீளத்துக்குச் சாம்பல் பழுப்பில் ஒரு நுனி. அதே ஆள்தானா என்று கேட்டிருந்தான். இருக்கலாம் என்றேன், அந்தக் குவியலில் ஒன்றுதான் இருந்தது என்று யார் சொன்னது. கூடவே ஒரு குரல்பதிவு வந்தது, பாட்டி பேசியது: "சாரே, மறுபடி சமையக்கட்டுக்கு வந்துட்டு. அடிச்சவ யாருன்னு மறந்துட்டுல்லா."